இடக்கை மரத்துப்போவது மாரடைப்பின் அறிகுறியா?

கேள்வி: வயது 48. பலகாரம் செய்து விற்கிறேன். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறேன். மகன் விட்டுச் சென்ற கிட்டாரை, வளவில் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, காணொளி பார்த்து நானே கற்று வருகிறேன். விரல் நுனிகள் எரிந்து தடித்துவிட்டன, தோள் வலிக்கிறது. இரவில் இடக்கை மரத்து விழிப்பு வருகிறது, உதறினால் சரியாகிறது. சில நாட்களாகக் காபி டம்ளர் கை நழுவுகிறது. இது மாரடைப்பின் அறிகுறி என்று இணையத்தில் படித்தேன். என் தந்தை மாரடைப்பில்தான் இறந்தார். கடையில் வாங்கிய வலி மாத்திரையும் நரம்புச் சத்து மாத்திரையும் தினமும் சாப்பிடுகிறேன். (வாசகி, தேவகோட்டை)

பதில்: நீங்கள் எழுதியிருப்பது மாரடைப்பின் இயல்பு அன்று. இதயத்திலிருந்து எழும் வலி பெரும்பாலும் நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சை இறுக்கி, தோள், தாடை, கை எனப் பரவும். கையை உதறுவதால் அது விலகாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இன்றித் திடீர் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரக்கூடும் என்பதால், அப்படி வந்தால் இணையத்தில் தேடிக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழையுங்கள். தந்தையின் நோயை முன்னிட்டு இதயப் பரிசோதனை ஒன்று செய்துகொள்வதும் நல்லதே.

விரல் நுனி தடித்திருப்பது வெறும் காய்ப்பு. கம்பி அழுத்தும் எவருக்கும் சில வாரங்களில் அது வந்துவிடும், எரிச்சலும் அடங்கிவிடும். அதைப் பிய்க்காதீர்கள், வெடித்துப் புண்ணானால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். தோள் வலி, உட்காரும் முறையைத் திருத்தினாலே பெரும்பாலும் குறையும்.

என்னைக் கவலைப்படுத்துவது, நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்ட அந்த டம்ளர்தான். மணிக்கட்டில், எலும்புகளுக்கும் ஒரு தடித்த நாருக்கும் இடையிலுள்ள குறுகிய வழியில் 9 தசைநாண்களோடு ஒரு நரம்பும் செல்கிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்வு அந்த நரம்பைச் சேர்ந்தது. அது நெருக்கப்பட்டால் இரவில் கை மரத்து விழிப்பு வரும், உதறினால் தெளியும். கார்பல் டனல் சிண்ட்ரோம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். சர்க்கரை நோயும் தைராய்டு குறைவும் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. பழியைக் கிட்டாரின் மேல் மட்டும் போடவும் எனக்கு மனமில்லை. ஆண்டுக்கணக்காக முறுக்கும் தேன்குழலும் அழுத்திப் பிழிந்த மணிக்கட்டு அது.

மரத்துப்போவது தொடக்கநிலை, பிடி தளர்வது அடுத்த நிலை. இரு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் அருகருகே வைத்து, கட்டைவிரலின் அடியில் உள்ள சதை மேட்டைப் பாருங்கள். இடக்கையில் அது தட்டையாகியிருந்தாலோ, இரவிக்கைக் கொக்கி மாட்டத் தடுமாறினாலோ, மரத்துப்போதல் பகலிலும் நீங்காமல் இருந்தாலோ, ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். மேடு நன்றாகவே இருந்தாலும், டம்ளர் நழுவுகிறது என்பதால், இந்த வாரத்திற்குள் நரம்பியல் மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பார்த்தாக வேண்டும். கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் இதே போன்ற தொல்லை வரலாம் என்பதால், நரம்பு வழியே சமிக்ஞை எப்படிச் செல்கிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்து இடத்தை உறுதிப்படுத்துவார்கள். தொடக்கத்திலேயே வந்தால் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையே பலருக்குப் போதும். சதை கரைந்த பின் வந்தால் அறுவை சிகிச்சை செய்தாலும் இழந்த வலு முழுவதும் திரும்பும் என்று உறுதி சொல்ல இயலாது.

வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அது நரம்பின் நெருக்கத்தை நீக்காது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார் என்பதற்காகத் தினமும் விழுங்குவது சிகிச்சை ஆகாது. நரம்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான். மெட்பார்மின் நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு, அந்த மாத்திரையில் பெரும்பாலும் இருக்கும் பி12 வைட்டமின் உடலில் குறையலாம் என்பது உண்மையே. ஆனால் அளவைச் சோதிக்குமுன் மாத்திரை சாப்பிட்டால் உண்மை நிலை இரத்தப் பரிசோதனையில் மறைந்துவிடும். ஆகவே சாப்பிட்டு வருவதை மருத்துவரிடம் சொல்லி, பி12, தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள்.

கிட்டாரை விட்டுவிட வேண்டுமோ என்ற அச்சமும் உங்களுக்கு இருக்கக்கூடும். விட வேண்டியதில்லை, பரிசோதனை முடியும் வரை சில நாட்கள் ஓய்வு கொடுங்கள், போதும். ஆசிரியர் இல்லாமல் கற்பவர்களுக்கு நேரும் குறை, மணிக்கட்டைப் பார்த்துத் திருத்த ஆள் இல்லாததுதான். தரையில் அமர்ந்து, கம்பிகள் கண்ணில் படுவதற்காகக் கிட்டாரின் முகத்தை மேல்நோக்கிச் சாய்த்தால், இடக்கை சுற்றிவளைந்து எட்ட வேண்டியிருக்கும். மணிக்கட்டு மடிந்து, அந்தக் குறுகிய வழியில் அழுத்தம் ஏறும். காரைக்குடி வீணைச் சகோதரர்களில் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்திப் பிடித்தும், சாம்பசிவய்யர் கிடத்தியும் வாசித்தவர்கள். கருவியை அவரவர் உடலுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். நீங்கள் கைப்பிடி இல்லாத நாற்காலியில் அமர்ந்து, இடக்காலைச் சிறு பலகையின் மேல் வைத்து, கிட்டாரின் கழுத்தைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். எதிரே ஒரு கண்ணாடி இருக்கட்டும். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று அதில் பாருங்கள். கம்பிகள், விரலால் அழுத்தும் கழுத்துப் பலகையிலிருந்து அதிக உயரத்தில் இருந்தால், இசைக்கருவி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தாழ்த்தி, மெல்லிய கம்பி மாட்டச் சொல்லுங்கள். ஒரு விரலால் ஆறு கம்பிகளையும் அழுத்தும் பிடிகளைக் கை தேறும் வரை தொடாதீர்கள். மருத்துவர் அனுமதித்த பின், ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் வாசித்து, விரலில் குறுகுறுப்பு தொடங்கும் முன்பே கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள். பலகாரம் பிழிந்த நாளில் வாசிப்பே வேண்டாம்.