கணக்கில் வந்த மழையும் கழனிக்கு வந்த மழையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேதாரண்யம் பக்கத்து விவசாயிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ‘முன்ன மாதிரி மழை இல்லை’ என்று அவர்கள் சொன்னதை அப்படியே போட்டிருக்கிறீர்கள். ஆனால் வருட மழைக் கணக்கில் அப்படிப் பெரிய குறைவு தெரியவில்லையே. குடியாத்தத்தில் கேவுரும் (கேழ்வரகு) மல்லாட்டையும் (வேர்க்கடலை) போடும் எங்கள் அப்பாவும் இதையேதான் சொல்கிறார். வயதானவர்களுக்குப் பழையதெல்லாம் நல்லதாகத் தோன்றுவதுதானா இது? தவிர, கடலோரத்துக்காரர் கவலையில் வேலூர்க்காரர்களான நமக்கு என்ன இருக்கிறது?

ச., குடியாத்தம்

*

அன்புள்ள ச.,

உங்கள் அப்பா சொல்வதும் சரி, மழைக் கணக்கும் சரி. அவர் எண்ணுவது பயிருக்கு ஆன மழையை மட்டும்.

2021 ஜனவரியை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் சமயத்தில் டெல்டாவில் விடாமல் பெய்தது. அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து கதிரிலேயே முளை விட்டது. ஏட்டில் அதுவும் மழைதான். அந்தக் கழனிக்காரர் அதை மழையில் சேர்ப்பாரா?

நமக்கு ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஒன்று ஏமாற்றினால் இன்னொன்றில் ஏரி நிரம்பலாம். அவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையை விட்டால் மேட்டூர் தண்ணீர்தான். 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட அணை வழக்கமான நாளான ஜூன் 12இல் திறக்கவில்லை. தாமதமாகத் திறந்த தண்ணீர் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் விதைப்பு தள்ளிப்போகும். அடைமழை பிடிக்கும்போது பயிர் அரையடிதான் இருக்கும், மூழ்கி அழுகிவிடும். முன்பு அதே மழையில் வளர்ந்த பயிர் தப்பித்து நின்றிருக்கும். இதில் வானம் செய்தது எவ்வளவு, ஆற்றுநீர்த் தகராறு செய்தது எவ்வளவு என்று அவர்கள் பிரிப்பதில்லை. ‘காலம் கெட்டுப்போச்சு’ என்று முடித்துவிடுகிறார்கள். எந்த மாதம் விதைத்தீர்கள், வெள்ளம் வந்தபோது பயிர் எந்த உயரம் என்று கேட்டுப் பாருங்கள், பிசகாமல் சொல்வார்கள்.

அந்தக் கட்டுரையில் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. ஒரு வீட்டு அம்மா கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டுக் காட்டினார். முக்கால் மணி நேரம் கொதித்தும் பருப்பு முழுசு முழுசாகவே கிடந்தது. குழாய்த் தண்ணீரில் போட்டது எப்போதோ குழைந்துவிட்டது. கிணறு உப்பாகிறது என்று அவர் கண்டுபிடித்தது அடுப்பில்தான். வரப்பில் வெள்ளையாக உப்புப் பூத்ததும், நெல்லின் நுனி கருகியதும் அதற்கு அப்புறம். கடலோரத்தில் நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. மேலே நல்ல தண்ணீர் ஓரடி இறங்கினால், நாளடைவில் அடியில் உப்பு ஏறத்தாழ 40 அடி ஏறிவிடும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. கடல் மட்டம் உயர்வது ஒரு பக்கம் என்றால், இரவு பகலாக ஓடும் மோட்டார் இன்னொரு பக்கம்.

நமக்கு என்ன என்றீர்கள். நம் பாலாறு போய்ச் சேரும் இடம் கல்பாக்கம் பக்கத்து வயலூர். ஆற்றில் ஓட்டம் நின்றால் அங்கே கடல் உள்ளே ஏறும். அதைத் தடுக்கத்தான் அங்கே தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். இங்கே நாம் அள்ளிய மணல், மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கீழே விட்டுக்கொண்டிருந்த மணல். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது பாலத்தில் நின்று பார்த்தேன். அத்தனை வருடம் வறண்டு கிடந்த ஆற்றில் அவ்வளவு தண்ணீர். சந்தோஷப்படவே முடியவில்லை, நிற்க இடமில்லாமல் எல்லாம் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுதுங்கள். மல்லாட்டையை முன்பெல்லாம் ஆடியில் எந்த வாரம் விதைப்பார்? எந்த வருடத்திலிருந்து அது தள்ளிப்போனது?

அன்புடன்.