மூன்று மாத சிபிடி எடுத்தால் ஓபிடி குறையுமா?

குறையாது. டெக்சாஸ் மிட்லண்டில் கோடை இன்டர்ன்ஷிப்புக்கு மூன்று மாதம் முழுநேர சிபிடி (அமெரிக்காவில் படிக்கும்போதே, படிப்பின் பகுதியாக வேலை பார்க்கும் அனுமதி) எடுத்தால், பட்டத்துக்குப் பின் வரும் 12 மாத ஓபிடி (படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி) போய்விடும் என்று சீனியர் பயமுறுத்தினார், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே பட்ட நிலையில் முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால்தான் ஓபிடி பறிபோகும்.

உங்கள் சீனியர் பயமுறுத்தியது அநேகமாகப் படிப்பு முடியுமுன் எடுக்கும் ஓபிடியைப் பற்றி இருக்கும். அதுதான் அந்த 12 மாதத்தில் கழியும்.

சரி, சிபிடி அனுமதியோடு புதிய ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் மாணவர் தகுதிச் சான்று) வந்ததும் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர், முழுநேரமா பகுதிநேரமா, தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் அங்கே இருக்கும். தொடங்கும் தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூட ரிக்கில் (எண்ணெய்க் கிணறு தோண்டும் தளத்தில்) கால் வைக்காதீர்கள். "பாதுகாப்புப் பயிற்சிதானே, திங்கட்கிழமையே வந்துவிடுங்கள்" என்று நிறுவனம் கூப்பிட்டாலும் போக வேண்டாம். எஃப்-1 மாணவர் விசாவில் இது விளையாட்டு இல்லை.

அப்புறம், பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்தவர்களுக்குத்தான் சிபிடி. நீங்கள் ஜனவரியில் சேர்ந்தவர் என்றால் இந்தக் கோடைக்குக் கிடைப்பது கடினம். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலில் இதைக் கேளுங்கள்.

உங்கள் பெட்ரோலியப் பொறியியல் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கிறது. ஓபிடிக்குப் பிறகு இன்னும் 24 மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், ஆனால் வேலை தரும் நிறுவனம் இ-வெரிஃபையில் (ஊழியரின் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அமெரிக்க அரசின் இணைய அமைப்பு) பதிந்திருக்க வேண்டும்.