எக்ஸ்-மென் படத்தைப் புதிதாகத் தொடங்கினால், ஏழே ஏழு பாத்திரங்கள் என்றால், யாரை எடுப்பீர்கள்? எக்ஸ்-மென் என்பது, பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்ட மியூட்டன்ட்கள் பேராசிரியர் சேவியரின் பள்ளிக்கூடத்தில் ஒரு அணியாகச் சேரும் அமெரிக்க காமிக்ஸ், படங்களாகவும் வந்தது.

சைக்ளாப்ஸ், ஜீன் கிரே, ஸ்டார்ம், நைட்கிராலர், கிட்டி பிரைட், பேராசிரியர் சேவியர், மேக்னீட்டோ. ஏழு ஆகிவிட்டது. படங்களில் எப்போதும் முன்னால் நிற்கிற, கையிலிருந்து உலோக நகங்கள் நீளும் வோல்வரின் இல்லை. பாதிப் பேர் இங்கேயே சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும், அதனால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கதைக்கு யார் வேண்டும், யார் வேண்டாம் என்பதை நான் கற்றுக்கொண்டது காமிக்ஸில் இல்லை. காங்கயம் பக்கம் எங்கள் அமுச்சி (பாட்டி) ஊரில், அண்ணன்மார் கதை என்கிற பொன்னர் சங்கர் கதை பாடும்போது. அதை உடுக்கையடித்து முழுதாகப் பாடினால் பல ராத்திரிகள் போகும். 1965-இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் அந்த வட்டாரத்தில் அதைப் பதிவு செய்தபோது 18 ராத்திரி ஆனது. நான் எட்டாவது படித்த வருடம், கோயில் நோம்பிக்கு வந்த பாட்டுக்காரரிடம் ஒரே ராத்திரியில் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். அவரும் பொன்னர், சங்கர், தங்காள், கொம்பன் பன்றி என்று பெரிய ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு பொன்னாச்சியை விட்டுவிட்டார்.

பொன்னாச்சி ஒரு குட்டி நாய். பன்றி வேட்டைக்குப் புறப்படும்போது அதைக் கூப்பிடாமல் போய்விடுவார்கள். இத்தனை நாய்களைக் கூட்டிக்கொண்டு என்னை மட்டும் விட்டுவிட்டார்களே என்று அதற்கு மனசு உடைந்துபோகும். பிறகு தப்பை உணர்ந்து அதை அழைத்து வந்த பின்தான் கொம்பன் விழும். எங்கள் பக்கம் பாடுகிற கதை இது.

அன்றைக்குப் பாட்டு வேட்டைக்கு வந்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த அமுச்சி, "ஏனுங்க, பொன்னாச்சிய உட்டுப்போட்டு கொம்பன எப்புடிங்க குத்துவீங்க?" என்று கேட்டுவிட்டார். உடுக்கை நின்றது. பாட்டுக்காரர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "சரிங்காத்தா" என்று வேட்டையை முதலிலிருந்து எடுத்தார். கதை முடியும்போது வெயில் ஏறிவிட்டது. ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

எக்ஸ்-மென் படங்களில் விட்டுப்போன பொன்னாச்சி கிட்டி பிரைட்தான். 1980-இல் காமிக்ஸுக்குள் வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. சுவருக்குள் புகுந்து வெளியே வருவாள், அவ்வளவுதான் அவளுடைய சக்தி. 1981-இல் வந்த புகழ்பெற்ற எதிர்காலக் கதையில், உலகத்தைக் காப்பாற்ற இறந்த காலத்துக்குப் போவது அவளுடைய மனம். அதையே 2014-இல் படமாக எடுத்தபோது அந்த வேலையை வோல்வரினுக்குக் கொடுத்துவிட்டார்கள். கிட்டி படம் முழுக்க அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கையையும் அவன் நெற்றிப்பொட்டருகே வைத்துக்கொண்டிருப்பாள். போன வருடம் வீட்டில் அந்தப் படத்தைப் போட்டபோது என் மகள், "அந்த அக்கா ஏம்ப்பா உட்கார்ந்தே இருக்காங்க?" என்று கேட்டாள். காமிக்ஸில் அவள்தான் போனாள் என்று சொன்னேன். மகளுக்கு வந்த கோபத்தைப் பார்த்தபோது அமுச்சி ஞாபகம்தான் வந்தது.

வோல்வரின் வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். அவன் நல்ல பாத்திரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹியூ ஜாக்மேன் 2000-இல் தொடங்கி 2024 வரை அந்த வேடத்தில் வந்திருக்கிறார். ஆனால் அவன் உள்ளே வந்துவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் அவனுக்குப் பக்கவாட்டு ஆட்களாகிவிடுகிறார்கள். அதிகம் அடிபட்டது சைக்ளாப்ஸ். அணித் தலைவன் அவன். 1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய முதல் ஐந்து மாணவர்களில் ஒருவன். 2006-இல் வந்த மூன்றாம் படத்தில் ஆரம்பத்திலேயே அவனைச் சாகடித்துவிட்டார்கள். கண்ணைத் திறந்தால் எதிரே இருப்பது உடைந்துபோகும் என்பதால் வாழ்நாள் முழுக்கத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருக்கிற ஒருவனைப் பொறுமையாகக் காட்ட ஒரு முழுப்படம் வேண்டும். வோல்வரின் பக்கத்தில் நின்றால் அது நடக்காது. நான் சொல்கிற புதுத் தொடரில் இரண்டாம் படத்தின் கடைசியில் வோல்வரின் வரட்டும்.

அப்புறம் ஜீன். அடக்க முடியாத பெரும் சக்தி ஒன்று அவளுக்குள் எழுந்து அவளையே அழிக்கிற ஃபீனிக்ஸ் கதையை 2006-இல் ஒரு தடவை, 2019-இல் ஒரு தடவை எடுத்தார்கள். இரண்டுமே மனதில் நிற்கவில்லை. காமிக்ஸில் ஜீன் ஃபீனிக்ஸாக மாறியது 1976-இல், இறந்தது 1980-இல். நடுவில் நான்கு வருடம் வாசகர்கள் அவளோடு பழகியிருந்தார்கள். 2019 படத்தின் ஜீனை நாம் பார்க்க ஆரம்பித்ததே 2016-இல், அதுவும் ஒரே ஒரு படத்தில், கூட்டத்தோடு கூட்டமாக. பழகாத பெண்ணுக்கு யார் அழுவார்கள்? அதனால் ஜீன் முதல் படத்திலேயே இருக்க வேண்டும், ஆனால் ஃபீனிக்ஸ் என்ற பேச்சே எழக்கூடாது. மற்றவர்கள் மனதில் ஓடுவது காதில் விழுந்துகொண்டே இருக்கும் ஒரு பெண், அவ்வளவு போதும். அவளும் சைக்ளாப்ஸும் ஒருவரை ஒருவர் தயங்கித் தயங்கித் தெரிந்துகொள்வதை நிதானமாகக் காட்டினால் பிற்பாடு வரும் இழப்புக்கு எடை இருக்கும்.

ஸ்டார்மும் நைட்கிராலரும் 1975-இல் வந்த புது அணியின் ஆட்கள். மழையையும் இடியையும் அழைக்கிற ஸ்டார்முக்குச் சின்ன அறைக்குள் அடைபட்டால் மூச்சு முட்டும். சிறு வயதில் இடிபாட்டுக்குள், இறந்த தாயோடு சிக்கிக் கிடந்தவள் அவள். இது பழைய படங்களில் வரவே இல்லை என்பது எனக்குப் பெரிய குறை. நைட்கிராலர் பார்க்கப் பிசாசு மாதிரி இருப்பான், மனசில் கடவுள் பக்தி. அவன் இருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தில் சிரிப்பும் இருக்கும்.

சேவியரின் பழைய நண்பரும் எதிரியுமான மேக்னீட்டோதான் உண்மையான சிக்கல். அவர் நாஜி வதைமுகாமிலிருந்து பிழைத்தவர். கதை இன்றைக்கு நடந்தால் அவருக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆகியிருக்கும். அதனால் அவருடைய பின்னணியை வேறொரு போருக்கு மாற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு இனத்தைப் பட்டியல் போட்டு, கையில் எண் குத்தி அழித்ததைத் தன் கண்ணால் பார்த்தவர் என்பதால்தான், மியூட்டன்ட்களைப் பதிவு செய்யச் சட்டம் வரும்போது அவர் நடுங்குகிறார், கோபப்படுகிறார். அதை எடுத்துவிட்டால் இரும்பைத் தூக்கி எறிகிற வில்லன் ஒருவர்தான் மிஞ்சுவார். காமிக்ஸில் அவரை ஒரு தடவை குழந்தையாக்கி, மறுபடி வாலிபராக்கியே வயதுச் சிக்கலைத் தீர்த்தார்கள். படத்திலும் அப்படி ஏதாவது ஒரு வழி வைத்துக்கொள்ளலாம், பார்ப்பவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அவரோடு வாதாட சேவியர் வேண்டும். நாற்பது வருட நண்பர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சண்டை போடுவது போல அந்த வாதம் இருக்க வேண்டும்.

பீஸ்ட், ரோக், கொலாசஸ், ஐஸ்மேன் ஆகியோரைப் பள்ளிக்கூடத்தின் வராந்தாவில் நடந்துபோகிற முகங்களாகக் காட்டலாம், பெயர்கூடச் சொல்ல வேண்டாம்.

எட்டாவதாக ஒரு இடம் கிடைத்தால் லாக்ஹீட் வேண்டும் என்கிறாள் மகள். கிட்டியின் தோளில் உட்கார்ந்திருக்கிற ஊதா நிறக் குட்டி டிராகன் அது, காமிக்ஸில் 1983-இல் வந்தது. அதற்கு விண்வெளிக் கதை வேண்டும், முதல் படத்தில் முடியாது, மூன்றாவதில் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.