ஊசி போட்டதும் சிப்ஸ் ஆசை எங்கே போனது?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 43. சுகரும் அதிக எடையும் இருப்பதால் டாக்டர் வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைட் ஊசி எழுதிக் கொடுத்தார். முன்பெல்லாம் ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு பாக்கெட் சிப்ஸ் காலியாகும்வரை கை நிற்காது. இப்போது அந்த நினைப்பே வருவதில்லை. "வாயைக் கட்ட முடியாதவங்களுக்குத்தான் ஊசி" என்கிறார் என் கணவர். அது சரியா? ஊசியை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: சரியே இல்லை. இதை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

சாப்பிட்டதும் நம் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்வதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். உங்கள் ஊசி அதே வேலையை வாரம் முழுக்கச் செய்கிறது. ஒரு ஹார்மோன் வேலை செய்ததும் ஆசை அடங்குகிறது என்றால், இத்தனை நாள் உங்களுக்கு மன உறுதி இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

அந்த பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களை பாக்கெட்டோடு வரச் சொல்வேன். உருளைக்கிழங்கு, பாமாயில், அப்புறம் மால்டோடெக்ஸ்ட்ரின், சுவைகூட்டிகள் 627, 631 என்று போகும். எந்த வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் 631 கிடையாது. கை நிற்கக் கூடாது என்று கணக்குப் போட்டுச் செய்த பண்டம் அது. 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஒரு மாதம் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவும், இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஏறக்குறைய ஒன்றுதான். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு கொடுத்தபோது தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, வேகமாகவும் சாப்பிட்டார்கள். அத்தனை பேருக்குமா மன உறுதி இல்லை?

மார்ல்பரோ சிகரெட் விற்ற பிலிப் மோரிஸ்தான் பெரிய உணவு நிறுவனங்களான ஜெனரல் ஃபுட்ஸை 1985-இலும் கிராஃப்டை 1988-இலும் வாங்கியது. இந்த ஊசி பரவியதும், 2024-இல் நெஸ்லே அமெரிக்காவில் ஊசி போடுகிறவர்களைக் குறிவைத்தே உறைந்த உணவு வகைகளைக் கொண்டுவந்தது. ஆசை இருந்தாலும் வியாபாரம், அடங்கினாலும் வியாபாரம். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்த மருந்தின் முக்கியமான ஆய்வு ஒன்றில் 68 வாரங்களில் எடை சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அதனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆசை அடங்கியிருக்கும் இப்போதே மாதச் சாமான் லிஸ்டிலிருந்து சிப்ஸை எடுத்துவிடுங்கள். ஸ்கூலிலிருந்து வரும்போது சுண்டலோ அவித்த முட்டையோ தயாராக இருக்கட்டும். எடையோடு தசையும் குறையும் என்பதால் புரதம் அவசியம். வயிற்றில் கடுமையான வலியோ விடாத வாந்தியோ வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.