வேலியில் சாய்ந்து பேசுகிறவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘மரபார்ந்த குடியிருப்பு’ என்று நகரத் திட்டமிடுவோர் சொன்னால் ‘யாருடைய மரபு?’ என்று கேட்க வேண்டும் என எழுதியிருந்தீர்கள். நடக்கும் தூரத்தில் பள்ளி, பக்கத்தில் கடை, தெருவைப் பார்த்த தாழ்வாரம். இதில் மரபு எங்கே வந்தது? கால்கள் எல்லோருக்கும் ஒன்றுதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கால்கள் ஒன்றுதான். கடையை எங்கே வைப்பது என்பதில்தான் வழக்கு.

நீங்கள் சொல்லும் படத்தை 1929இல் நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக வகுத்துக் கொடுத்தவர் கிளாரன்ஸ் பெரி என்ற அமெரிக்கத் திட்டமிடுநர். சுமார் 160 ஏக்கர், நடுவில் பள்ளி, சுற்றிலும் பெருஞ்சாலை. கடைகளை ஓரத்து மூலைகளுக்கு ஒதுக்கிவிட்டார். அவர் குடியிருந்தது நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உள்ள ஃபாரஸ்ட் ஹில்ஸ் கார்டன்ஸில். ஐரோப்பியக் கிராமச் சாயலில் கட்டப்பட்ட, வசதியானவர்களின் பேட்டை. தனக்குப் பிடித்துப்போன தெருவை ஊருக்கெல்லாம் அளவுகோலாக்கினார். (அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.)

இப்போது கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸுக்கு வாருங்கள். அங்கே வளர்ந்த நகரத் திட்டமிடுநர் ஜேம்ஸ் ரோஹாஸ், 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தன் பட்ட ஆய்வுக்கு அந்தத் தெருக்களையே எடுத்துக்கொண்டார். அமெரிக்கப் புறநகரின் இலட்சியம் வேலியில்லாத முன்புல்வெளி. பார்க்க அழகு, கால் வைக்க ஆளிருக்காது. மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள் அதைச் சுற்றி இடுப்புயர வேலி போட்டன. உள்ளே நாற்காலி வந்தது, பிள்ளைகள் விளையாடினார்கள். போகிறவர் வேலியில் கை வைத்து நின்றார், உள்ளே இருப்பவர் எழுந்து வந்தார், பேச்சு நீண்டது. சில வீடுகளில் விற்பனைச் சரக்கும் அதே வேலியில் தொங்கியது. புல்வெளியில் பாடம் படித்த கண்ணுக்கு வேலி என்றால் விலக்கிவைப்பது; ரோஹாஸ் கண்டதோ இரண்டு பேர் சாய்ந்து பேச ஒரு பிடிமானம். பெரியின் படத்தில் அந்தச் சரக்குக்கு இடமே கிடையாது.

உங்கள் தாழ்வாரத்துக்கு வருகிறேன். ஃபுளோரிடாவில் 1980களில் எழுந்த சீசைடு என்ற ஊரில் முகப்புத் தாழ்வாரத்தை விதி எழுதியே கட்டாயமாக்கினார்கள். பழைய அமெரிக்க ஊரின் அடையாளமாம்! அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த நியூ ஆர்லியன்ஸின் ஒடுக்கமான ‘ஷாட்கன்’ வீடுகளை ஆராய்ந்த அறிஞர் ஜான் மைக்கேல் வ்லாக், அந்த வீட்டின் வேரும் முகப்புத் தாழ்வாரத்தின் வேரும் ஹைட்டி வழியாக மேற்கு ஆப்பிரிக்கா வரை போவதாக வாதிட்டார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவேலை அது. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வீடு விற்கக்கூடாது என்ற பத்திர நிபந்தனையை 1930களில் பரிந்துரைத்தது, வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தந்த அமெரிக்க அரசு நிர்வாகமேதான்.