தினமும் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போடச் சொல்கிறார்கள், அம்மாவுக்குப் பயமில்லாமல் போடலாமா?

உங்கள் அம்மாவுக்கு இனிப்புநீர், காலில் புண் வீங்கிச் சீழ் பிடித்திருக்கிறது. பிரானுலாவை (நரம்பில் செருகிய சின்ன பிளாஸ்டிக் குழாயை) கையில் வைத்தே வீட்டுக்கு அனுப்பி, தினமும் வந்து ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சின்ன வயதில் பென்சிலின் போட்டு உடம்பெல்லாம் தடித்ததாம். நான் கோலாலம்பூரில் அரசாங்க மருத்துவமனை வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் அல்ல, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பெரும்பாலும் போடலாம். ஆனால் அந்தப் பென்சிலின் விஷயத்தை அடுத்த ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். 'ஃபைலில் இருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள். செஃப்ட்ரையாக்சோன் பென்சிலினுக்குத் தூரத்துச் சொந்தம். பத்துப் பேரில் ஒருவருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது என்று முன்பு சொல்வார்கள், உண்மையில் அதைவிட மிகக் குறைவு. வெறும் தடிப்பா, மூச்சு முட்டியதா, முகம் வீங்கியதா என்பதை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். அலர்ஜி கார்டு இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். ஊசி போட்டதும் பார்க்கிங் கட்டணத்தை நினைத்து ஓடிவராமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். மோசமான ஒவ்வாமை வந்தால் உடனே தொடையில் அட்ரினலின் போட வேண்டும், அது வீட்டில் இருக்காது.

வார்டில் நான் அடிக்கடி கேட்டது, "மிஸ்ஸி, மாத்திரை வேணாம், ஊசியே போட்டுடுங்க." ஊசி என்றால் வீரியம் அதிகம் என்று ஒரு நம்பிக்கை. ஊசி எதற்கு என்றால், சில மருந்துகளை விழுங்கினால் குடல் உறிஞ்சாது, சில தொற்றுகளுக்கு ரத்தத்தில் சீக்கிரம் அளவு ஏற வேண்டும், அவ்வளவுதான். சாதாரணக் காய்ச்சலுக்கு இதைக் கேட்டு வாங்காதீர்கள். நம் ஊரில் அது டெங்கியாக இருந்தால் ஆன்டிபயாட்டிக்கால் ஒரு பயனும் இல்லை. ரத்தத் தட்டணுக்கள் குறையும் நேரத்தில் தசையில் ஊசி குத்தினால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும்.

இன்னொன்றும் கேளுங்கள்: முதல் ஊசிக்கு முன்பே ரத்தமும் சீழும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எடுத்தார்களா? மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். இனிப்புநீர்க்காரர்களுக்கு நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மெலியோய்டோசிஸ். மண்ணிலும் சேற்றிலும் இருக்கும் கிருமி அது. 1912-ல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற மருத்துவர்கள் அதைப் பற்றி எழுதினார்கள், 1921-ல் நம் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் இருந்த ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் அந்தப் பெயரை வைத்தார்கள். அதற்குச் செஃப்ட்ரையாக்சோன் சரிப்படாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் குறைந்தது 10 நாளாவது நரம்பில் போட்டு, அப்புறம் மாதக்கணக்கில் மாத்திரை. அம்மா பூச்செடி, கறிவேப்பிலை என்று வெறுங்காலோடு மண்ணில் நிற்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

மருந்து லேசான மஞ்சளாக இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கலங்கியோ துகளோடோ இருந்தால் போடக் கூடாது. ஹார்ட்மன் போன்ற கால்சியம் உள்ள டிரிப்போடு இதைக் கலக்கவே கூடாது, படிந்துவிடும். தசையில் போடும்போது வலிக்காமல் இருக்க லிக்னோகெயினில் கரைப்பார்கள். அப்படிக் கரைத்ததை நரம்பில் ஏற்றக் கூடாது. இதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை, நீங்கள் தெரிந்துவைத்திருப்பதில் தப்பில்லை.

வீட்டில் உங்கள் வேலை பிரானுலாவைப் பார்ப்பது. குளிக்கும்போது பிளாஸ்டிக் பை கட்டுங்கள். அந்த இடம் சிவந்தாலோ, வலித்தாலோ, நரம்பு கயிறுபோல் தடித்தாலோ, மறுநாள் வரை காத்திருக்காமல் போய் எடுத்துவிடச் சொல்லுங்கள். புண் வற்றிவிட்டது என்று நடுவில் நிறுத்திவிடவும் வேண்டாம், ஊசி நாட்களைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறாரா? அதைச் சொல்ல மறக்காதீர்கள், ரத்தம் உறையும் அளவு மாறும். கோர்ஸ் முடிந்து சில வாரம் கழித்துக்கூட வயிற்றுப்போக்கு வரலாம். தண்ணீராகப் பலமுறை போனாலோ ரத்தம் கலந்திருந்தாலோ ஃபார்மசியில் நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுக்காமல், இந்த ஊசி போட்டதைச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.