மெஷின் இருக்கட்டும், துப்பாக்கி யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்பு விவசாயம் செய்கிறேன். அப்பா வைத்திருந்த 12 போர் ஒற்றைக் குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, அவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. கரும்பில் பன்றி இறங்குகிறது, தோட்டா விலையோ கட்டுப்படியாகவில்லை. மீதி 11 தோட்டாதான். காலித் தோட்டா இரண்டு டப்பா நிறைய இருக்கிறது. ஹூஸ்டனில் இருக்கும் தம்பி வீட்டிலேயே தோட்டா போடுகிறான். ஊருக்குத் திரும்பி வரும்போது வீட்டுச் சாமானோடு கன்டெய்னரில் ஒரு புரோக்ரஸிவ் பிரஸ், அதாவது காலித் தோட்டாவில் மருந்தும் குண்டும் நிரப்பும் மெஷின், கொண்டுவருகிறேன் என்கிறான். டில்லான் 550, 750, இல்லை லீ, எதை வாங்கச் சொல்லட்டும்? பேக்கிங் லிஸ்ட்டில் ‘கை பிரஸ் மெஷின்’ என்று போட்டால் போதுமா? சிக்கல் என்றால் லாஸ்பேட்டையில் மச்சான் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, புதுச்சேரிக்குச் சட்டம் வேறுதானே?

பதில்: மெஷினிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. நீங்கள் சொல்லும் டில்லான் 550, 750 இரண்டும் ரைஃபிள், பிஸ்டல் வகைப் பித்தளைத் தோட்டாவுக்கானவை. 550-இல் தோட்டா நிற்கும் தட்டைக் கையால் திருப்ப வேண்டும், 750-இல் தானே திரும்பும், வித்தியாசம் பெரும்பாலும் அவ்வளவுதான். உங்கள் 12 போர் தோட்டாவை இரண்டிலும் போட முடியாது. அதற்கு ரவைத் தோட்டாவுக்கென்றே தனி மெஷின் வேண்டும், டில்லானிலேயே எஸ்எல் 900 என்று ஒன்று உண்டு, மெக் கம்பெனியின் 9000 உண்டு. உங்கள் தம்பி தன் பிஸ்டலுக்குப் போடும் பழக்கத்தில் சொல்லியிருப்பார். அது போக, ஒருமுறை கைப்பிடியை இழுத்தால் ஒரு முழுத் தோட்டா விழுகிற மெஷின், வாரா வாரம் நூற்றுக்கணக்கில் சுடுகிறவர்களுக்கானது. வருஷத்துக்கு இருபது தோட்டா சுடுகிறவருக்கு டெக்ஸாஸிலேயே அதை யாரும் வாங்கச் சொல்ல மாட்டார்கள்.

அது அங்கே. இங்கே எந்த மெஷினும் வேண்டாம் என்பதுதான் என் பதில். தோட்டாதான் வெடிபொருள், மெஷின் வெறும் இரும்புதானே என்று நினைக்கிறீர்கள். 1959 ஆயுதச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. பிரிவு 2-இல் ‘வெடிபொருள்’ (அம்யூனிஷன்) என்ற சொல்லுக்குச் சொல்லியிருக்கும் விளக்கத்தைப் படித்தால், தோட்டாவின் பாகங்களும் தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. அதாவது மருந்து ஒரு சிட்டிகைகூட இல்லாமல் காலியாக வந்தாலும் அந்த மெஷினே சட்டத்தின் கண்ணுக்குத் தோட்டா மாதிரிதான். வெளிநாட்டிலிருந்து கொண்டுவர பிரிவு 10-இன்படி லைசென்ஸ் வேண்டும். தயாரிக்க பிரிவு 5-இன்படி வேறு லைசென்ஸ். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் வைத்துக்கொள்ளத்தான், அதில் தயாரிப்பு சேராது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால் குறைந்தது 7 வருஷம், அதிகம் ஆயுள். ‘என் சொந்த உபயோகத்துக்குத்தான்’ என்று கோர்ட்டில் சொல்லலாம்தான், ஆனால் மணிக்கு நூற்றுக்கணக்கில் தள்ளுகிற மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

பேக்கிங் லிஸ்ட் யோசனை இன்னும் மோசம். துப்பாக்கி வழக்குகளில் வக்கீல்கள் நாங்கள் பிடித்துத் தொங்கும் கயிறு ஒன்று உண்டு, கையில் இருந்தது என்பது மட்டும் போதாது, தெரிந்தே வைத்திருந்தார் என்று காட்ட வேண்டும் என்பது. 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பைக்குள் ஒரு தோட்டா மறந்துபோய்க் கிடந்து ஏர்போர்ட்டில் மாட்டுகிறவர்களை அதைச் சொல்லித்தான் காப்பாற்றப் பார்க்கிறோம். நீங்கள் பெயரை மாற்றி எழுதினீர்கள் என்றால், தெரிந்தேதான் செய்தேன் என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. கூடவே 1962 சுங்கச் சட்டப்படி பறிமுதல், அபராதம். கன்டெய்னர் இன்னும் கிளம்பவில்லை அல்லவா, மெஷினை அங்கேயே விற்றுவிட்டு வரச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை: ஆயுதச் சட்டம் மத்திய சட்டம், புதுச்சேரிக்கும் அதேதான். அங்கே சில குடும்பங்களுக்கு வாரிசு விஷயத்தில் இன்றைக்கும் பிரெஞ்சு சிவில் சட்டம் பேசும், அதை வைத்து எல்லாமே வேறு என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் சரக்கு விலைதான் மாறும்.

காலித் தோட்டாக்களுக்கு வருகிறேன். வேறு பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாமல் சின்னச் சின்னப் பாகங்களை வைத்திருந்தால் சட்டம் பொருந்தாது என்று பிரிவு 45 விலக்குத் தருகிறது. அப்பா ஞாபகமாக நாலு காலித் தோட்டா ஷோகேஸில் இருந்தால் அதைச் சொல்லிக்கொள்ளலாம். அதே காலித் தோட்டா, அதற்கென்று ஒரு மெஷின் வந்த அன்றைக்கே அந்த விலக்கை இழந்துவிடும். அந்த மற்ற பாகம் ‘வேறு எவரிடம்’ இருந்தாலும் சரி என்று பிரிவிலேயே எழுதியிருக்கிறது, ஆகவே டப்பா உங்களிடம், மெஷின் மச்சானிடம் என்ற கணக்கும் செல்லாது.

இத்தனையும் நீங்கள் கேட்டதற்கு. கேட்காத ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. அப்பா தவறி இரண்டு வருஷம் என்று எழுதியிருக்கிறீர்கள், லைசென்ஸை உங்கள் பெயருக்கு மாற்றியதாக ஒரு வார்த்தை இல்லை. மாற்றவில்லை என்றால் மெஷின் வருவதற்கு முன்பே நீங்கள் பிரிவு 3-ஐ மீறிக்கொண்டிருக்கிறீர்கள், பீரோவில் இருக்கும் அந்தத் துப்பாக்கியும் 11 தோட்டாவும் இன்றைக்கு லைசென்ஸ் இல்லாதவை. லைசென்ஸ் அவரோடு போய்விட்டது. நிலம், வீடு மாதிரி அது வாரிசுக்குத் தானாக வந்து சேராது. இதற்கு 2 முதல் 5 வருஷம் வரை தண்டனை. தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் விடுவார்களே, அப்போது அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட, நீங்கள் போய் நின்றால் நன்றாகவா இருக்கும்?

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, வழி இருக்கிறது. பிரிவு 21-இன்படி, சட்டப்படி வைத்திருக்க முடியாமல் போன ஆயுதத்தைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கலாம். ‘தேவையில்லாத தாமதமின்றி’ என்று சட்டம் சொல்கிறது, இரண்டு வருஷம் தாமதம்தான், மறுக்க முடியாது. ஆனால் பிரிவு 3 குற்றத்துக்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாது, தானாக வந்து ஒப்படைத்தவர் மேல் அந்த அனுமதி கேட்க யாரும் அவசரப்பட மாட்டார்கள் என்பது என் அனுபவம். ஒப்படைத்த கையோடு, 2016 ஆயுத விதிகளில் வாரிசுகளுக்கென்று இருக்கும் விதி 25-இல் கடலூர் மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸில் மனுப் போடுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மா, தம்பி எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தது, இவை கையில் இருக்கட்டும். லைசென்ஸ் கிடைக்கவில்லை என்றாலும் துப்பாக்கி போய்விடாது, லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு விற்றுக்கொள்ளலாம். கிடைத்தால் தோட்டா எண்ணிக்கையைக் கூட்டிக் கேட்டு இன்னொரு மனு, கடையில் முறையாக வாங்கிக்கொள்ளுங்கள், விலை என்ன செய்வது. பன்றியைச் சுடுவது மட்டும் தனிச் சங்கதி, 1972 வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது, துப்பாக்கி லைசென்ஸ் அதற்கு அனுமதி ஆகாது.

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதல் நாளே ஒரு கடிதம் கொடுத்து, எப்போது எப்படிக் கொண்டுவரட்டும் என்று கேட்டுக்கொண்டு, தோட்டாவைத் தனியாக எடுத்து வைத்துக் கொண்டுபோங்கள். காலி டப்பாக்களையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது நல்லது. ரசீதில் துப்பாக்கி நம்பரும் ‘தோட்டா 11’ என்பதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.